பதினேழாயிரம் கிலோமீட்டர்: சிட்னி – லண்டன் வான்வழியின் நூறாண்டுக் கணக்கு

சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே சுமார் 40,000 கிலோமீட்டர்தான் என்பதால், எந்த இரண்டு ஊர்களுக்கு இடையிலும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருக்க வழியில்லை. அதைத் தாண்டினால் மறுபக்கமாகப் போவது கிட்டமாகிவிடும். அந்த உச்ச அளவில் ஆறில் ஐந்து பங்கையும் கடந்து நிற்கின்றன இந்த இரண்டு நகரங்கள்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவைத் தொட 1919-ல் 28 நாள் ஆனது. 1947-ல் சிட்னியிலிருந்து லண்டன் போக நான்கு நாள். 2019-ல் லண்டனில் கிளம்பிய ஒரு விமானம் 19 மணி 19 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது. தூரம் மாறவில்லை, காலம் மட்டும் இப்படிச் சுருங்கியிருக்கிறது.

விமானத்தின் வேகம் கூடியதுதான் காரணம் என்று பலரும் நினைப்பார்கள். அது பாதி உண்மை. ஜெட் விமானங்கள் வந்த 1950-களின் இறுதிக்குப் பிறகு பயணிகள் விமானத்தின் வேகம் அநேகமாக ஏறவே இல்லை. போயிங் 707 எந்த வேகத்தில் பறந்ததோ, இன்றைய விமானங்களும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் பறக்கின்றன: மணிக்கு 900 கிலோமீட்டர். பயண நேரத்தில் பெரிய அளவில் வெட்டப்பட்டது, பயணி தரையில் நின்ற நேரம். எரிபொருள் நிரப்ப, இரவு தங்க, பழுது பார்க்க, அனுமதி வாங்க என்று இறங்கிய ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொன்றாக அழிந்த கதைதான் இந்த வழித்தடத்தின் நூறாண்டு வரலாறு. அந்த நிறுத்தங்களை அழிக்க என்ன விலை கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தூரத்தை அளக்கும் நூல்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரு கோடு போட்டால் அது மத்தியதரைக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் வழியாகப் போகும். உருண்டையான பூகோளத்தில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் பாதை வடக்கே ஏறிவிடும். உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி அந்த நூல் கிடக்கும் வழிதான். 2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்குச் சோதனையாகப் பறந்த, ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸின் விமானம் நெதர்லாந்து, ஜெர்மனி, போலந்து, பெலாரஸ், ரஷ்யா, கசகஸ்தான், சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா என்று பல நாடுகளின் மேலே போய்த்தான் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்தது. காற்றையும் வழித்தடங்களையும் அனுசரித்து அது கடந்த தூரம் சுமார் 17,800 கிலோமீட்டர். நூல் காட்டும் தூரத்தைவிட 800 கிலோமீட்டர் கூடுதல்.

இன்னொரு விந்தை சிங்கப்பூர். அது இந்தக் குறுகிய பாதையின் மேல் இல்லை. இருந்தும் லண்டன்–சிங்கப்பூர் சுமார் 10,900 கிலோமீட்டர், சிங்கப்பூர்–சிட்னி சுமார் 6,300 கிலோமீட்டர், கூட்டினால் 17,200. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர் வரையே அதிகம், அதாவது கால் மணி நேரப் பறப்பு. பூமியின் நேரெதிர்ப் புள்ளியை நெருங்க நெருங்க எல்லாத் திசைகளும் ஏறத்தாழ ஒரே தூரமாகிவிடுகின்றன. அதனால் பாதை அகலமாக வளைந்தாலும் நஷ்டம் குறைவு. துபாய் வழியாகப் போனாலும் மொத்தம் 17,500 கிலோமீட்டர்தான்.

இதன் பொருள் தெளிவு. சிங்கப்பூரில் இறங்கிப் போகிறவர் தூரத்தில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அவர் இழப்பது இறங்கவும், காத்திருக்கவும், மறுபடி ஏறவும் ஆகும் மூன்று, நான்கு மணி நேரத்தை.

மூங்கில் பாய்களின் மேல் ஓடிய விமானம்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஆஸ்திரேலிய அரசு ஒரு பரிசை அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுண்டு. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற சகோதரர்கள், வாலி ஷியர்ஸ், ஜிம் பென்னட் என்ற இரு மெக்கானிக்குகளோடு விக்கர்ஸ் விமி விமானத்தில் 1919 நவம்பர் 12-ம் தேதி லண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோவில் கிளம்பினார்கள். ரோம், கெய்ரோ, பாஸ்ரா, கராச்சி, டெல்லி, கல்கத்தா, பாங்காக், சிங்கப்பூர் என்று துண்டு துண்டாகப் பறந்து டிசம்பர் 10-ம் தேதி டார்வினில் இறங்கினார்கள். ஜாவாவின் சுரபயாவில் சக்கரம் சேற்றில் புதைந்தபோது ஊர்மக்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து விரித்தார்கள். அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது.

28 நாள் பயணத்தில் அவர்கள் வானில் இருந்தது சுமார் 135 மணி நேரம். 28 நாள் என்பது 672 மணி நேரம். ஐந்தில் நான்கு பங்கு நேரம் தரையிலேயே கழிந்திருக்கிறது.

அதே போட்டியில் இறங்கிய மற்றவர்களின் கதி வேறு. நான்கு பேர் விபத்துகளில் உயிரிழந்தார்கள். ஸ்மித் சகோதரர்களைத் தவிர ஆஸ்திரேலியாவை எட்டிய ஒரே குழுவான ரே பேரரும் ஜான் மக்கின்டோஷும் 1920 ஆகஸ்டில்தான் டார்வின் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் நாட்கள் மளமளவென்று உதிர்ந்தன. 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் தனியாளாகப் பதினைந்தரை நாளில் வந்தார். 1930-ல் ஏமி ஜான்சன், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண், பத்தொன்பதரை நாளில் வந்தார். 1934-ல் இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் ஸ்காட், கேம்ப்பெல் பிளாக் இருவரும் 71 மணி நேரத்துக்குள் வந்து வென்றார்கள். இந்த 71 மணி நேரம் இரண்டு விமானிகளுக்கும் பந்தய விமானம் ஒன்றுக்கும் ஆன நேரம். டிக்கெட் வாங்கிய பயணிக்குக் கணக்கே வேறு.

ரயிலில் ஏறிய விமானப் பயணிகள்

1935-ல் இம்பீரியல் ஏர்வேஸும் குவாண்டாஸும் கைகோத்து லண்டன்–பிரிஸ்பேன் பயணிகள் சேவையைத் தொடங்கின. பயணம் சுமார் பன்னிரண்டரை நாள். அதில் ஒரு பகுதி விமானத்திலேயே இல்லை. இத்தாலி தன் வானத்தின் மேலே பிரிட்டிஷ் விமானம் பறக்க இசையாததால் பயணிகள் பாரிஸில் ரயிலேறி, இத்தாலியின் கடைக்கோடியான பிரிண்டிசித் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து மறுபடி வானேற வேண்டியிருந்தது. அதற்கு முன்பே பாரசீகமும் தன் கரையோரப் பாதையைத் தொடர்ந்து தர மறுத்திருந்தது. இம்பீரியல் ஏர்வேஸ் 1932-ல் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறி, ஷார்ஜாவில் தங்குமிடம் ஒன்றை எழுப்பிக்கொண்டது. இன்று உலகப் பயணிகள் வந்து குவியும் அந்தக் கரையில் விமானப் போக்குவரத்து வேரூன்ற, ஒரு நாடு கதவடைத்ததும் ஒரு காரணம்.

வான்வழி என்பது எவருக்கும் திறந்த வெளி என்ற எண்ணம் அன்றும் நிலைக்கவில்லை. 1944-ல் கையெழுத்தான சிகாகோ ஒப்பந்தம் தன் முதல் பிரிவிலேயே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வானத்தின் மீது முழு உரிமை உண்டு என்று எழுதிவைத்தது. பயண நேரத்தை நிர்ணயிப்பதில் எஞ்சினுக்கு இருக்கும் பங்கு தலைநகரங்களில் போடப்படும் கையெழுத்துக்கும் உண்டு.

கொக்கலவிலிருந்து பெர்த்துக்கு

இந்த வழித்தடத்தின் மிகத் துணிச்சலான அத்தியாயம் இலங்கையில் எழுதப்பட்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலிருந்த வான்வழி அறுந்தது. அதை மறுபடி இணைக்க ஒரே வழி, இந்தியப் பெருங்கடலை எங்கும் நிற்காமல் கடப்பது. 1943 ஜூலையில் குவாண்டாஸ் விமானிகள் கேட்டலினா என்ற கடல் விமானங்களில் பெர்த்தின் ஸ்வான் ஆற்றுக்கும், இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே பறக்கத் தொடங்கினார்கள். தூரம் 5,600 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்த அந்த விமானங்களுக்கு ஒரு கடப்புக்கு 27 முதல் 33 மணி நேரம் ஆனது.

எரிபொருளுக்கே எடை போய்விட்டதால் ஏற்ற முடிந்தது அதிகபட்சம் மூன்று பயணிகளையும் கொஞ்சம் தபாலையும்தான். எதிரியின் செவிக்கு எட்டக்கூடாது என்று வானொலி மௌனம் காத்தார்கள். நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணிகள் பார்த்ததால் அந்தச் சேவைக்கு ‘இரட்டைச் சூரியோதயம்’ என்று பெயர் வந்தது. பயணம் செய்தவர்களுக்கு அந்தப் பெயரில் சான்றிதழும் கொடுக்கப்பட்டது. 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை.

நேரத்தின் அளவில் இன்றுவரை எந்த வணிக விமானமும் இந்தப் பயணத்தை மிஞ்சவில்லை. தரையில் நிற்கக்கூடாது என்றால் எரிபொருள் ஏறும், எரிபொருள் ஏறினால் ஆள் குறையும் என்ற கணக்கை முதன்முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர்கள் கொக்கல ஏரியில் இறங்கிய அந்த விமானிகள். சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்குக் குவாண்டாஸ் இன்று வைத்திருக்கும் ‘சூரியோதயத் திட்டம்’ என்ற பெயர் அவர்களுக்குச் செலுத்தும் மரியாதை.

கங்காரு வழி

1947 டிசம்பர் 1-ம் தேதி குவாண்டாஸின் கான்ஸ்டலேஷன் விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளர்களோடும் சிட்னியில் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று ஆறு இடங்களில் இறங்கி லண்டன் சேர்ந்தது. கங்காரு போலத் தாவித் தாவிச் சென்றதால் ‘கங்காரு வழி’ என்ற பெயர் நிலைத்தது. இருவழிக் கட்டணம் 585 பவுண்டு; சாமானியர் எட்ட முடியாத தொகை. நான்கு நாள் பயணத்தில் வானில் கழிந்தது 55 மணி நேரம். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் பயணிகள் இரவு தங்கினார்கள். 1919-ல் ஐந்தில் ஒரு பங்காக இருந்த வான்நேரம் இப்போது பாதியைத் தாண்டிவிட்டது.

1959-ல் போயிங் 707 ஜெட் விமானங்கள் இந்த வழிக்கு வந்தன. 1970-களில் 747 வந்தது. கட்டணம் இறங்கி, குடும்பங்கள் பறக்கத் தொடங்கின. 747-400 வந்த பிறகு ஒரே ஒரு நிறுத்தம் போதும் என்றானது.

அந்த 747-400 ரகத்தின் முதல் விமானத்தைக் குவாண்டாஸ் வாங்கியபோது, 1989 ஆகஸ்டில், லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமலே ஓட்டிக் காட்டியது. 20 மணி 9 நிமிடம். பயணிகள் கிடையாது, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டுமே உள்ளே இருந்தார்கள். சாதாரண எரிபொருளைவிட அடர்த்தி கூடிய எரிபொருள் தனியாகத் தயாரித்துக் கொண்டுவரப்பட்டது. ஓடுபாதை வரை சொந்த எஞ்சினில் ஊர்ந்து போவதில் எரிபொருள் வீணாகக் கூடாதென்று விமானத்தை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினார்கள். செய்ய முடியும் என்று காட்டியாயிற்று. நாள்தோறும் இருக்கைகளை நிரப்பிக்கொண்டு அதைச் செய்ய அந்த விமானத்தால் முடியாது என்பதும் அதே பயணத்தில் புரிந்தது.

ஒலியை மிஞ்சியும்

வேகம் மட்டும் போதாது என்பதற்குக் கன்கார்டைவிடப் பெரிய சாட்சி இல்லை. ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில், மணிக்கு 2,100 கிலோமீட்டருக்கு மேல் பறந்த விமானம் அது. லண்டன்–நியூயார்க்கை மூன்றரை மணி நேரத்தில் கடந்தது. அதே கணக்கில் சிட்னிக்கு எட்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். 1985 பிப்ரவரியில் ஒரு சிறப்புப் பயணமாக லண்டனிலிருந்து சிட்னிக்குப் பறந்த கன்கார்டுக்கு 17 மணி 3 நிமிடம் ஆனது. ஒரு மூச்சில் அது போகக்கூடிய தூரம் 7,000 கிலோமீட்டர் சொச்சம்தான். நடுவே நிறுத்தி நிறுத்தி எரிபொருள் நிரப்ப வேண்டியிருந்தது.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. அதை முட்டித் தள்ளிக்கொண்டு போக எரிபொருள் பெருமளவு வேண்டும். ஒலிவேகத்தில் 85 சதவீதம் என்ற அளவே இன்றைய நெடுந்தூர விமானங்களுக்குச் சிக்கனமான வேகம். கன்கார்டு 2003-ல் ஓய்வு பெற்றது. அதன் பிறகு உலகம் வேகத்தை விட்டுவிட்டுத் தூரத்தைத் துரத்தியது.

எரிபொருளைச் சுமக்கும் எரிபொருள்

போயிங் 787-9 விமானத்தின் உச்சகட்ட எடை 254 டன். அதன் டாங்குகளில் 1,26,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடையில் ஏறத்தாழ 100 டன். அதாவது நெடும்பயணத்துக்கு எழும்பும்போது எடையில் ஐந்தில் இரண்டு பங்கு வரை எரிபொருளாகவே இருக்கலாம். பதினைந்தாவது மணி நேரத்தில் எரியவேண்டிய எரிபொருளை முதல் பதினான்கு மணி நேரமும் தூக்கிக்கொண்டே பறக்க வேண்டும்; தூக்கிச் செல்லவும் எரிபொருள் செலவாகும். தூரம் கூடக்கூட ஒவ்வொரு கிலோமீட்டரின் விலையும் இப்படித்தான் ஏறுகிறது.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் இந்த விமானத்தில்தான் பெர்த்–லண்டன் சேவையைத் தொடங்கியது. 14,500 கிலோமீட்டர், ஏறத்தாழ 17 மணி நேரம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நிற்காமல் சென்ற முதல் பயணிகள் சேவை அது.

உலகில் இன்று மிக நீளமான நேரடிச் சேவை சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஓடுகிறது. 15,300 கிலோமீட்டர் சொச்சம். அட்டவணையில் சுமார் 18 மணி 45 நிமிடம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில் நியூயார்க்கை அடுத்துள்ள நூவார்க்குக்குப் பறக்கத் தொடங்கி, எரிபொருள் செலவு தாளாமல் 2013-ல் நிறுத்தியது. இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 விமானத்தின் நெடுந்தூர வகை வந்தபின் 2018-ல் மறுபடி தொடங்கியது. அதில் 161 இருக்கைகள் மட்டுமே. பிசினஸ் வகுப்பு 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. எடையைக் குறைக்க ஆளைக் குறைத்தார்கள். குறைந்த ஆட்களிடமிருந்து கூடுதல் கட்டணம் வாங்கினார்கள். கேட்டலினாவின் கணக்கு இன்னும் மாறவில்லை.

2022 மே மாதம் குவாண்டாஸ் 12 ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேராகப் பறப்பதே நோக்கம். 20,000 லிட்டர் கூடுதல் டாங்க் இதற்கெனப் பொருத்தப்படுகிறது. மற்ற நிறுவனங்கள் 300-க்கும் மேற்பட்ட இருக்கைகள் போடும் இந்த விமானத்தில் குவாண்டாஸ் போடுவது 238. பயணம் 22 மணி நேரம் வரை நீளலாம். நடுவே ஓரிடத்தில் நின்று போகும் பயணத்தோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம் வரை மிச்சமாகும் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு.

காற்றின் பங்கு

சென்னையிலிருந்து லண்டன் போக ஆகும் நேரத்தைவிட லண்டனிலிருந்து சென்னை வர ஆகும் நேரம் குறைவு என்பதை அடிக்கடி பறப்பவர்கள் கவனித்திருப்பார்கள். பூமி சுழல்வதால் ஊர் எதிரே வருகிறது என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு; அது தவறு. பூமியோடு சேர்ந்து காற்றுமண்டலமும் சுழல்கிறது. உண்மைக் காரணம், பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறு போல ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்று அதற்குப் பெயர். ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைப் பதிவு செய்தார்.

அதன் வலு என்ன என்பதை 2020 பிப்ரவரியில் நியூயார்க்–லண்டன் விமானம் ஒன்று காட்டியது. புயலை ஒட்டி வீசிய பின்காற்று உந்தித் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது. வழக்கமாக ஆறரை மணி நேரம் ஆகும் பயணம் அது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து அது தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

நீளமான பாதை குறுகிய பாதையை வெல்லவும் இந்தக் காற்றே உதவுகிறது. 2005 நவம்பரில் போயிங் 777-200எல்ஆர் விமானம் ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிழக்கு முகமாக, பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் எல்லாவற்றையும் தாண்டிப் பறந்தது. 21,600 கிலோமீட்டரை 22 மணி 42 நிமிடத்தில் கடந்து, நிற்காமல் பறந்த தூரத்தில் சாதனை படைத்தது. பூமியின் அரைச்சுற்றைவிட நீளமான பயணம் அது. எந்நேரமும் காற்று முதுகுப்பக்கம் இருக்கும்படி திசையைத் தேர்ந்ததும் அந்தச் சாதனையில் ஒரு பாதி.

இரு நகரங்களின் தூரத்தை 900-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி நேரம் சேர்த்தால் பயண நேரத்தின் உத்தேசம் கிடைக்கும். மேற்கே போனால் கொஞ்சம் கூட்டவேண்டும், கிழக்கே வந்தால் கொஞ்சம் கழிக்கவேண்டும். விமானக் கம்பெனிகள் அச்சிடும் நேரம் இதையும் தாண்டியது. நுழைவாயிலிலிருந்து விமானம் பின்வாங்கும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரில் நுழைவாயிலில் நிற்கும் நொடி வரை அதில் அடங்கும். நெரிசல் மிக்க நிலையங்களுக்கு அதற்கேற்ப நேரம் கூட்டிப் போடப்படும்.

மூடப்பட்ட வானம்

2019 சோதனைப் பயணம் சென்ற வழியில் இன்று பல விமானங்களால் போக முடியாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்குத் தம் வானத்தை மூடின. ரஷ்யா பதிலுக்கு மூடியது. பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்துக்கு ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரமாக நீண்டது. வட துருவத்தின் மேல் பறக்கவும் வேண்டியதாயிற்று.

இந்தியப் பயணிகளுக்கும் இது புதிதல்ல. 2019 பிப்ரவரியிலிருந்து ஜூலை வரை பாகிஸ்தான் வானம் மூடியிருந்தபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் தெற்கே இறங்கி, அரபிக் கடலைச் சுற்றிப் போயின. 2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் ஈரான் பக்கம் போகாமல் தவிர்க்க வேண்டி வந்தபோது, பெர்த்–லண்டன் விமானமும் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. பெருமையோடு தொடங்கிய நேரடிச் சேவை பழைய நிறுத்தத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1935-ல் பிரிண்டிசிக்கு ரயிலேறியவர்களுக்கும் இவர்களுக்கும் நேர்ந்தது ஒன்றே.

உடலின் கணக்கு

சிட்னிக்கும் லண்டனுக்கும் நேர வித்தியாசம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு ஊர்களும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுகின்றன. ஒன்றின் கோடை மற்றதற்குக் குளிர்காலம். அதனால் வித்தியாசம் ஒரு பருவத்தில் 9 மணி, இன்னொரு பருவத்தில் 11 மணி, இடையே சில வாரம் 10 மணி. பகலும் இரவும் அநேகமாக இடம் மாறிவிடுகின்றன.

மனித உடலின் உள்கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று மெதுவாக ஓடுவது. ஆகவே நாளை நீட்டிக்கும் மேற்குப் பயணத்துக்கு உடல் எளிதில் இசைகிறது. நாளைச் சுருக்கும் கிழக்குப் பயணம் கூடுதல் சிரமம் தருகிறது. ஒரு நேர மண்டலத்துக்கு ஒரு நாள் வீதம் உடல் தேறும் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. இருபது மணி நேரத்தில் வந்து சேர்ந்தவரின் உடல் முழுமையாக வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். விமானம் சேமித்துக் கொடுக்கும் நான்கு மணி நேரத்தை இதன் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் ஆழ்சிரையில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றது. விமானத்துக்கு மட்டுமன்றிப் பேருந்துக்கும் ரயிலுக்கும் காருக்கும் இது பொருந்தும். உறையும் வாய்ப்பு சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்பதால் பீதி தேவையில்லை. எழுந்து நடப்பதும் கணுக்காலை அசைப்பதும் தேவை.

2019-ல் குவாண்டாஸ் மூன்று சோதனைப் பயணங்களை நடத்தியது இந்தக் கேள்விகளுக்காகத்தான். சிட்னி, மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமானிகளின் மூளை அலைகளையும், தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் அளவையும் பதிவு செய்தார்கள். நியூயார்க்–சிட்னி பயணத்தில் ஏறியவுடன் தூங்க விடாமல் விளக்கையும் காரமான உணவையும் கொண்டு பயணிகளை விழித்திருக்கச் செய்து, சிட்னியின் இரவு வந்தபின் தூங்க வைத்தார்கள். புதிய ஏ350 விமானங்களில் பயணிகள் எழுந்து நின்று கைகால் நீட்டத் தனி இடம் ஒதுக்கப்படுவதும் இதன் தொடர்ச்சியே. 238 பேராகக் குறைத்ததில் கிடைத்த இடம் அது.

எந்த வழி, யாருக்கு

சிட்னியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ வரும்போது சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு என்று ஏதாவது ஓர் இடத்தில் இறங்கித்தான் வருகின்றன. குழந்தைக்கு இரண்டு மணி நேரம் ஓடியாட இடம் கிடைக்கிறது. வயதானவருக்குக் காலை நீட்ட முடிகிறது. கட்டணமும் பெரும்பாலும் குறைவு. நிறுத்தம் எல்லாருக்கும் இழப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. அவசர வேலையாகப் போகிறவருக்கும், சக்கர நாற்காலியில் விமானம் மாறுவதே பெரும்பாடாக இருக்கும் முதியவருக்கும் நேரடி விமானம் வரம்தான்.

நேரடி விமானம் எரிபொருளை மிச்சப்படுத்துமா என்ற கேள்விக்கும் ஒற்றை விடை இல்லை. நடுவே இறங்காததால் ஒரு இறக்கமும் ஏற்றமும் மிச்சம். ஏற்றத்தில்தான் எஞ்சின் மிக அதிகமாக எரிபொருள் குடிக்கிறது. மறுபக்கம், 20 மணி நேரத்துக்கான எரிபொருளைச் சுமக்கும் செலவும், குறைந்த இருக்கைகளால் ஒவ்வொரு தலைக்கும் கூடும் பங்கும் இருக்கின்றன. சிங்கப்பூர் வழி சிட்னி–லண்டன் பயணத்துக்குத் தூரத்தில் இழப்பு மிகக் குறைவு என்பதால், இந்த வழித்தடத்தில் தராசு நிறுத்தத்தின் பக்கமே சாய வாய்ப்பு அதிகம். காற்றுமண்டலத்தில் கரியமில வாயு சேர்வதைப் பற்றி உலகம் கவலைப்படும் காலத்தில், நான்கு மணி நேரத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது.

முதல் ஏ350-1000 விமானம் 2026-லும் நேரடிச் சேவை 2027-லும் என்பது குவாண்டாஸ் அறிவித்திருக்கும் திட்டம். சிட்னி–லண்டன் நிறைவேறிவிட்டால் பூமியின் உச்ச அளவுக்கு மிச்சம் 3,000 கிலோமீட்டர்தான். நியூசிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போல ஏறத்தாழ நேரெதிராக நிற்கும் ஊர்கள் மட்டுமே எட்டாமல் இருக்கும். அதற்குள் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. இன்று டிக்கெட் எடுப்பவருக்குக் கிளம்பும் நேரம், சேரும் நேரம், கட்டணம் மூன்றும் தெரிகின்றன. ஒரு பயணியின் பங்குக்கு எரியும் எரிபொருள் எவ்வளவு என்பதையும் எல்லா விமானக் கம்பெனிகளும் ஒரே முறையில் கணக்கிட்டு அதே வரியில் அச்சிட வேண்டும். 20 மணி நேர விமானமும் 24 மணி நேர விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது, எதில் ஏறுவது என்பதை அந்த நான்கு எண்களையும் பார்த்தே பயணி முடிவு செய்யட்டும்.